முட்டுக்கல்

சந்துருவின் டிராக்டருக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது. பிடிக்காமல் போய் மூன்று மாங்காய் சீசன் ஆகிறது. மேட்டில் நிறுத்தினால் பின்னால் உருளும். அதனால் வண்டி நின்றதும் குதித்து ஓடிப் பின் டயருக்குக் கீழே கல் வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஜூன் மாதத்தில் சித்தூரிலிருந்து திருப்பதி போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மாங்கூழ் ஃபேக்டரிக்கு முன்னால் ஏற்றமான ரோட்டின் இடது ஓரத்தில் டிராக்டர்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். டிரெய்லர் நிறையப் பெங்களூரா மாங்காய். இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் அப்படியே நிற்கும். உள்ளே நாலு வண்டி போனால் வரிசை நாலு வண்டி நகரும். நகரும்போது கல்லை எடுக்க வேண்டும், நின்றதும் வைக்க வேண்டும். தோட்டத்தில் கூடை தூக்கி இடுப்பு விட்டுப் போனவனுக்கு அதுதான் ஓய்வு வேலை என்று சந்துரு சொல்வான்.

எங்கள் வரிசையில் கல்லுக்குத் திருடர்கள் உண்டு. நல்ல கல் என்றால் ஒரு பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் சரிவாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காணாமல் போகும். அதற்காக ஒவ்வொருவரும் தங்கள் கல்லுக்கு அடையாளம் போட்டு வைப்பார்கள். ஒருவன் பட்டை போட்டிருப்பான். ஒருவன் பெருக்கல் குறி போட்டிருப்பான். நான் என் பேரை எழுதினேன். டிரெய்லருக்கு நம்பர் எழுதி மீந்த வெள்ளைப் பெயிண்டில், வேப்பங்குச்சியைக் கடித்துத் தூரிகை ஆக்கி, மூன்று எழுத்து. உதயா.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில். மகள் மஞ்சு பத்தாவது பரீட்சை முடித்து வீட்டில் இருந்த இரண்டு மாதத்தில், "நைனா, கைநாட்டு வெக்கறதுக்கு ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டு என்னை உட்கார வைத்தாள். அவள் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். அதனால் எனக்கும் தமிழ்தான் வந்தது. அதுவரை ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் நான் சொல்லி வந்தது ஒரே வார்த்தை, "எனக்குப் படிக்கத் தெரியாது சார்." சொன்னால் யாராவது படித்துச் சொல்வார்கள். நாற்பத்தாறு வருஷம் அது பொய்யில்லை.

கல்லில் பேரைப் பார்த்த அன்று சந்துரு வரிசை முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினான்.

"வந்து பாருங்கடா, எங்க உதயண்ணன் கல்லுக்குப் பேரு வெச்சிட்டாரு. காது குத்து எப்போண்ணா?"

"நீ மாமன் சீர் கொண்டாடா, குத்திடலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

நான் சொல்ல வந்தது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் ஒரு சின்ன மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூன்று மணி சுமாருக்கு ஃபேக்டரியில் இரண்டாவது கேட்டையும் திறந்தார்கள். திடீரென்று இரண்டு வண்டிகள் ஒரே மூச்சில் உள்ளே போயின. சந்துரு தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து ஸ்டார்ட் செய்துவிட்டான். "ஏறு, ஏறு, சந்துல வேற எவனாவது பூந்துடுவான்" என்று கத்தினான். டிராக்டர் முன்னால் நகர்ந்துவிட்டது. கல் ரோட்டில் கிடந்தது. நான் குனியவில்லை. இரண்டு நாளாக ஈரச் சாக்கின் மேல் படுத்த இடுப்பு குனிய விடவில்லை. அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஓடிப் போய் டிரெய்லரின் கொக்கியில் கால் வைத்துத் தொற்றிக்கொண்டேன். நாற்பதடி முன்னால் போய் நின்றோம். அங்கே யாரோ விட்டுப் போன வேறு கல் ஒன்று தயாராகக் கிடந்தது. அதை வைத்தேன்.

எங்களுக்குப் பின்னால் நின்ற டிராக்டர்காரன் பம்பு செட்டில் குளிக்கப் போயிருந்தான். அவன் வண்டி நகரவில்லை. அதனால் அந்த நாற்பதடி காலியாகக் கிடந்தது. என் கல் அதன் நடுவில், ரோட்டுப் பக்கமாக, மிதிபட்ட மாங்காய்க்கும் மாவிலைக்கும் இடையில் கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்கக் கூடாது. நாற்பதடி நடந்தால் போதும். அப்போது தேவசேனா டீ கொண்டு வந்துவிட்டாள்.

தேவசேனா ஃபேக்டரி எதிரில் தள்ளுவண்டியில் இட்லியும் டீயும் விற்பவள். வரிசையில் நிற்பவர்களுக்கு வண்டிக்கே கொண்டுவந்து கொடுப்பாள். அவளுடைய தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் போன வாரம்தான் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு கட்டியிருந்தார்கள். நசுங்கிய கார் ஒன்றின் படம், கீழே தெலுங்கில் பெரிய எழுத்து.

"இன்னாதான்டா போட்டுக்கீது அதுல? தெனம் அது மூஞ்சியிலதான் முழிக்கறேன்" என்று கேட்டாள்.

சந்துரு தெலுங்கு படித்தவன். "வேகமாப் போனா சீக்கிரமா போயிடுவேன்னு போட்டுக்கீறான்க்கா."

"சரியாத்தானே போட்டுக்கீறான்."

"இன்னா சரி? வேகம் இன்னா பண்ணும்? ஓட்டத் தெரிஞ்சவன் நூறுல போனாலும் ஒண்ணும் ஆவாது. தெரியாதவன் இருவதுல போனாலும் உழுவான். இந்த ரோட்டுல நான் பாக்காத ஆக்சிடென்ட்டா? எல்லாம் ஓட்டத் தெரியாத பசங்க."

"எங்க ஊட்டுக்காரன் கூட ஓட்டத் தெரிஞ்சவன்தான்" என்றாள் தேவசேனா. "இருவது வருசம் லாரி. கல்கத்தா வரிக்கும் போய்க்கினு வந்துக்கினு இருந்தான். நாயுடுபேட்டைகிட்ட ஒரு நாள் ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டத் தெரிஞ்சவனை முந்தினான். இப்ப ஊட்டுல குந்திக்கினு ஒத்தக் கால நீட்டிக்கினு எனக்கு இட்லி மாவு ஆட்டித் தரான்."

"அது எதுர்ல வந்தவன் தப்புக்கா."

"எதுர்ல வந்தவனும் அதையேதான் சொல்லிக்கினு கெடப்பான், உசுரோட இருந்தா."

அக்கம்பக்கத்து வண்டிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தன் வேகம் என்றான். ஒருத்தன் செல்போன் என்றான். ஒருத்தன் காணிப்பாக்கத்துக்கு வருகிற வெளியூர்க் கார்க்காரர்கள் என்றான். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லோருக்கும் தீர்ப்பு சொல்கிறவன் மாதிரி எழுந்து நின்றேன்.

"வேகமும் இல்ல, ஓட்டத் தெரியாததும் இல்ல. கவனம். கவனம் கெட்டவன் ரோட்டுக்கே வரக் கூடாது. அவ்ளோதான்."

"அண்ணன் எழுத்து படிச்சப்புறம் பேச்சே வேற மாதிரி ஆயிடுச்சு" என்றான் சந்துரு.

அப்போது பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அது போன பிறகும் அந்தச் சத்தம் காதில் இருந்ததால் மற்றதை முதலில் நான் கேட்கவில்லை. இரும்பு தாரில் இழுபடுகிற சத்தம். அப்புறம் ஒரு பாத்திரம் உருளுகிற சத்தம். அது மட்டும் ரொம்ப நேரம் உருண்டது.

எல்லோரும் ஓடினோம். ஒரு பழைய ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது, பின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றியில் நாமம், வேட்டி காலில் சுற்றிக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. அவருக்குப் பத்தடி தள்ளி ஓர் அம்மாள். ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்திருக்க வேண்டும். தலையைப் பிடித்துத் தூக்கி எறிந்த மாதிரி விழுந்திருந்தார்கள்.

ஓடும்போதே வாய்கள் பேசிக்கொண்டிருந்தன. "இந்த வயசுல இன்னா ஸ்பீடு கேக்குது பாரு" என்று ஒரு குரல். "லெஃப்டுல வந்து ஓவர்டேக் பண்றான், ஓட்டவே தெரியல" என்று சந்துரு. நானும் சொன்னேன். "யாருய்யா இவனுக்கெல்லாம் லைசென்சு குடுத்தது?" சொன்ன வாய் இன்னும் மூடவில்லை, கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தேன்.

கல் எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி திரும்பிக் கிடந்தது. வெள்ளைப் பெயிண்டில் என் பேர். 'த'வின் மேல் டயரின் கறுப்புக் கோடு ஒன்று புதிதாக விழுந்திருந்தது.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யாரோ "தண்ணி, தண்ணி" என்று கத்தினார்கள். தேவசேனா அந்த அம்மாளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலால் கல்லைத் தள்ளினேன். ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. மண் ஓரத்துக்குப் போனதும் குப்புறக் கவிழ்த்தேன். குனிந்து எடுக்க முடியாத இடுப்பு, அதைக் கவிழ்க்க மட்டும் நன்றாக வளைந்தது.

நிமிர்ந்தால் சந்துரு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு 108-க்குப் போன் போட்டான்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் நான் உருண்டு போன பாத்திரத்தை எடுத்து வந்தேன். மூன்றடுக்கு டிபன் கேரியர். காலியாக இருந்தது, அடித்தட்டில் மட்டும் கொஞ்சம் தயிர்சாதம் ஒட்டியிருந்தது. பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தருவார்களே, அப்படி மூடியில் தமிழில் வெட்டியிருந்தது.

108-இல் வந்தவன், "பேரு தெரியுமா? கூட யாரு வராங்க?" என்று கேட்டான்.

நான் மூடியைத் தடவிப் படித்தேன். "பூமா யதிராஜன்."

"தெரிஞ்சவங்களா?"

"இல்ல. இதுல எழுதிக்கீது."

"தலையில அடி. நேரா திருப்பதிக்குத்தான் போறோம். யாராவது ஒருத்தர் ஏறுங்க."

நான் ஏறினேன். சந்துரு ஓடி வந்து கதவைப் பிடித்தான். "நீ எங்க போற? லோடு எறக்கறது யாரு?" கண்ணால் வேறு ஏதோ கேட்டான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

உள்ளே ஒரு பக்கம் அந்த அம்மாள், இன்னொரு பக்கம் அவர். அவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்து ஒரு பக்கக் கம்பி மட்டும் காதில் தொங்கியது. கண் வீங்கிவிட்டது. பாகாலா தாண்டும்போது வாய் திறந்தார்.

"பூமா... நான் கண்ணசந்துட்டேனா?"

அந்த அம்மாளுக்கு நினைவு வந்து வந்து போனது. இரண்டு தரம் உதடு அசைந்தது. மூன்றாவது தரம்தான் சத்தம் வந்தது. "இல்லேன்னா. நீங்க மெதுவாத்தான் வந்தேள். பஸ்காரன் ஹாரன் அடிச்சான்... வழி விட்டேள். அவ்வளவுதான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் முந்தப் பார்க்கவில்லை. பின்னால் அவசரப்பட்ட பஸ்ஸுக்காக ஒதுங்கியிருக்கிறார். வரிசை முழுக்க டிராக்டர்கள், ஒதுங்க இடமில்லை. ஒரே ஓர் இடம்தான் காலியாகத் தெரிந்திருக்கிறது. நாற்பதடி.

அவருக்கு அந்த அம்மாள் சொன்னது காதில் விழவில்லை. மறுபடி, "கண்ணசந்துட்டேன்னு நினைக்கறேன் பூமா" என்றார். அந்த அம்மாள் என் சட்டையின் கீழ் நுனியைப் பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அந்த விரல்களை நானே ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாவில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ்காரன் வழியிலேயே அவருடைய செல்லிலிருந்து மகளுக்குப் போன் போட்டிருந்தான். ஐந்தரை மணிக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். கழுத்தில் பேங்க் அடையாள அட்டை. கேரியரைப் பார்த்துத்தான் என்னிடம் வந்தாள்.

"இது எங்காத்துது. அம்மா எங்க?"

உள்ளே கையைக் காட்டினேன். போனாள். கால் மணி நேரத்தில் வெளியே வந்து எனக்கு எதிரில் நின்றாள். பேர் வைஜயந்தி என்றாள், சித்தூரில் பேங்க்கில் வேலை. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவும் அப்பாவும் ஸ்கூட்டரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

"நீங்கதான் கூட வந்தேளாமே. முன்னப் பின்னத் தெரியாதவா. யார் செய்வா இந்தக் காலத்துல?" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

என்னை யாரும் அதுவரை கும்பிட்டதில்லை. எழுந்து நின்றுவிட்டேன். "ஐயோ வேணாம்மா" என்றேன்.

"வேகமாப் போனார்னு சொல்றா எல்லாரும். எங்கப்பாவா? அவர் வண்டில முப்பதுக்கு மேல முள்ளு ஏறினதே இல்ல. சைக்கிள்காரன் முந்திண்டு போவான். அம்மா கேலி பண்ணுவா, உங்க பின்னாடி உக்காந்தா எறங்கி நடந்துடலாம் போல இருக்குன்னு..." நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள். உள்ளே போனாள்.

என் செல் அடித்தது. சந்துரு.

"அண்ணா, எப்படிக்கீறாங்க?"

"தெரியல."

"கேளு. ஏட்டு வந்தான் ஸ்பாட்டுக்கு. கல்லைத் திருப்பிப் பாத்துட்டான். போட்டோ எடுத்துக்கினான். இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டான். இங்க எவனுக்குத் தமிழ் படிக்க வரும்? எல்லாம் தெலுங்கு படிச்ச பசங்க. வராதுன்னுட்டோம். ஏதோ எல்லக் கல்லுன்னு நெனச்சிக்கினான். நீயும் வராதுன்னுடு."

நான் கேரியரின் மூடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, கேக்குதா? போன வருசம் வரிக்கும் வராதவன்தானே நீ? பொய் கூட இல்ல பாதி. ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டின்னு தெரிஞ்சா என் டிராக்டரைத் தூக்கிக்கினு பூடுவான். ஒனக்குக் கேஸு. மஞ்சு காலேஜ் சேரணும். யோசன பண்ணு." கொஞ்சம் நிறுத்தி, "நானும் இன்னும் சோறு துன்னலண்ணா" என்றான். குரல் அழுகிற மாதிரி இருந்தது. வைத்துவிட்டான்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. வைஜயந்தியின் சத்தம். ஒரே தரம். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாள் போய்விட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மடியிலிருந்த கேரியரில் தயிர்சாதம் புளித்த வாசனை வர ஆரம்பித்திருந்தது.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி போலீஸ்காரர் வந்தார். வயசானவர், களைத்த முகம். தமிழ் பேசுவார், நடுவில் தெலுங்கு வரும்.

"ஏமய்யா, ஆம்புலன்ஸ்ல வந்தது நுவ்வேனா? ரா, சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்" என்று என்னை வார்டுக்குள் அழைத்துப் போனார்.

யதிராஜன் கட்டிலில் படுத்திருந்தார். காலில் கட்டு, தலையில் கட்டு. வீங்கிய கண்களில் ஒன்று மட்டும் கீற்றாகத் திறந்திருந்தது. மனைவி போனது அவருக்குத் தெரிந்திருந்தது. யாராவது சொன்னார்களா, மகளின் அந்த ஒரே சத்தத்தில் தெரிந்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. வைஜயந்தி அங்கே இல்லை. அம்மாவிடம் இருந்தாள்.

"சாமி, எப்படி நடந்தது? செப்பண்டி" என்றார் போலீஸ்காரர் மெதுவாக.

"என் தப்புதான்."

"அட்லா காது சாமி, அப்படி இல்ல. எவ்வளவு வேகம்? என்ன நடந்தது?"

"வேகமெல்லாம் இல்ல. கண்ணசந்துட்டேன். கோவில் மடப்பள்ளி வேலைக்கு விடிகாலை மூணு மணிக்குப் போனது. அவ சொன்னா, இன்னிக்கி வேண்டாம், பஸ்ல போலாம்னு. நான்தான்... ஏதோ தடுக்கித்து. வழவழன்னு இருக்கற ரோட்டுல என்ன தடுக்கும்? தூங்கித்தான் எங்கேயோ விட்டிருக்கேன். எழுதிக்கோங்கோ. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

"மாமி ஏமைனா செப்பிந்தா? ஏதாவது சொன்னாங்களா?" என்று போலீஸ்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் பெருமூச்சு விட்டு எழுதினார். எழுதி முடித்துத் தெலுங்கில் படித்துக் காட்டினார். அஜாக்கிரதையாகவும் தூக்கக் கலக்கத்திலும் வண்டி ஓட்டி, பின்னால் உட்கார்ந்திருந்தவரின் மரணத்துக்குக் காரணமாகி. யதிராஜன் "ஆமாம், ஆமாம்" என்று தலையசைத்துக்கொண்டே கேட்டார். பேனாவுக்காகக் கையை நீட்டினார். பேனா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காற்றில் துழாவினார். போலீஸ்காரர் பேனாவை அந்தக் கையில் வைத்தார். வைத்தவர், ஏதோ நினைவு வந்தவர் மாதிரி தன் செல்லை எடுத்தார்.

"இருங்க சாமி, ஒரு நிமிஷம். ஸ்பாட்லேர்ந்து ஒரு போட்டோ வந்தது. பெரிய விஷயம் இல்ல. ரோட்டோரத்துல ஒரு கல்லு, ஏதோ எழுதியிருக்குது. ரிப்போர்ட்ல ஊர் எல்லை பேரு போடணும். அந்தப் பொண்ணுகிட்ட காட்டினேன், தமிழ் பேசத்தான் வருமாம், படிச்சது தெலுங்கு மீடியம். சாமிக்குக் கண்ணாடி இல்ல." செல்லை என் பக்கம் திருப்பினார். "நீக்கு வருமா? தமிழ் படிப்பியா?"

சின்னத் திரையில் என் கல். மண் ஒட்டியிருந்தது. 'உ' கொஞ்சம் சாய்ந்திருந்தது. மஞ்சு எத்தனை தரம் சொல்லியும் எனக்கு அது நேராக வந்ததில்லை. 'த'வின் மேல் அந்தக் கறுப்புக் கோடு.

எனக்குப் படிக்கத் தெரியாது சார். நாக்கு அதை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தது. நாற்பத்தாறு வருஷப் பழக்கம். சொன்னால் அவர் செல்லைப் பைக்குள் போட்டுக்கொள்வார். யதிராஜன் கையெழுத்துப் போடுவார். மிச்சமுள்ள நாள் முழுக்க, ராத்திரி படுக்கும்போதெல்லாம், தான் தூங்கியதால்தான் அவள் செத்தாள் என்று கண்ணை மூடப் பயப்படுவார். நான் ஊருக்குப் போய் வேறு கல் தேடிக்கொள்ளலாம்.

அவர் பேனா முனையை வைக்கத் தாளில் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"வரும் சார்" என்றேன்.

"செப்பு. ஏம் ஊரு?"

"ஊரு இல்ல சார். பேரு." கேரியரைக் கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். "உதயான்னு எழுதிக்கீது."

"எவரு அந்த உதயா?"

"நான்தான். டயருக்கு முட்டு வெச்ச கல்லு சார் அது. வண்டி நகந்துச்சு, நான் எடுக்கல. பாத்தேன், எடுக்கல. டீ குடிச்சிக்கினு நின்னுட்டேன். இவரு பஸ்ஸுக்கு வழி உட்டாரு. அந்தம்மா ஆம்புலன்ஸ்ல சொன்னாங்க, மெதுவாத்தான் வந்தாருன்னு, வழி உட்டாருன்னு. என் காதால கேட்டேன். கல்லு மேல ஏறித்தான் உழுந்தாங்க. அப்புறமும் நான்தான் அதக் கவுத்துப் போட்டேன்."

போலீஸ்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிய தாளையும் பார்த்தார். வார்டில் யாரோ இருமினார்கள். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்தால் தேவலை என்று இருந்தது.

யதிராஜன் தலையை என் சத்தம் வந்த பக்கம் திருப்பினார். அந்த ஒரு கண்ணின் கீற்றில் என்னைத் தேடினார். பேனா போர்வைமேல் விழுந்தது. கை மட்டும் காற்றில் நின்று, பிறகு கேரியரின் மூடியைத் தொட்டு, அந்தப் புள்ளி எழுத்துகளின் மேல் அப்படியே தங்கியது.

"அப்போ..." என்றார். குரல் ஒரு குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது. "அப்போ நான் தூங்கலியா?"

"இல்ல சாமி" என்றேன். "நீங்க தூங்கல."